உம்மாவின் கள்ளிச் செடி

அல்லாஹ் ஒவ்வொரு செடிக்கும் ஏற்ற மண்ணையும் அதற்குத் தேவையான நீரையும் அளந்தே வைத்திருக்கிறான். இந்த உண்மையை, அம்பாந்தோட்டைக்கு ஒரு முறை போய் வந்த பிறகே நான் நன்றாக உணர்ந்தேன்.

எங்கள் உம்மா பிறந்தது அம்பாந்தோட்டையில். வாப்பாவின் வியாபாரத்துக்காக வெலிகாமத்தில் குடியேறியபோது, தாய் வீட்டு முற்றத்தில் நின்ற கள்ளியில் ஒரு கிளையைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தாராம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமி, சாச்சி குடியிருந்த அந்தத் தாய் வீட்டை முற்றத்தோடு கொண்டுபோனது. சாச்சி குடும்பம் அல்லாஹ்வின் கிருபையால் உயிர் தப்பி, பின்னர் புது வீட்டில் குடியேறியது. அப்போது உம்மா தன் செடியிலிருந்து ஒரு கிளையை வெட்டிக் கொண்டுபோய் அங்கே நட்டுக் கொடுத்தார்.

உம்மா மவுத்தான பின் செடி என் பொறுப்புக்கு வந்தது. பழைய மண்சட்டி அழகில்லை என்று, அடியில் துளையில்லாத பீங்கான் சட்டிக்கு மாற்றினேன். தினமும் சுபஹ் தொழுதுவிட்டுத் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். நான்கு மாதத்தில் அடித்தண்டு கறுத்து, ஒரு காலை தொட்டதும் சரிந்து விழுந்தது. அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். சாச்சியிடம் ஒரு கிளை கேட்டு வாங்கி வருவோம் என்று, மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாத்தறை, திக்குவல்லை வரை வழியெல்லாம் தென்னையும் பச்சையுமாக இருந்தது. தங்காலையைத் தாண்டியதும் காற்றில் ஈரம் குறைந்தது. அம்பலாந்தோட்டையில் வளவை கங்கையின் புண்ணியத்தால் வயல்கள் தெரிந்தன. அதற்கப்பால் பற்றைக் காடும், செம்மண்ணும், உப்பளங்களும்தான். காலிப் பக்கத்தில் வருடத்துக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அம்பாந்தோட்டையிலோ ஏறக்குறைய 1000 மில்லிமீற்றர்தான். ஒரு பகல் பயணத்துக்குள் இரண்டு நாடுகளைப் பார்த்ததுபோல இருந்தது. மிஸ்வாக் குச்சி தரும் உகா மரமும் இந்த வறண்ட கரையோரத்தில் தானாக வளர்கிறது.

சாச்சியின் முற்றத்தில் கள்ளி ஆளுயரம் நின்றது. நடந்ததைச் சொன்னேன். சாச்சி கோபிக்கவில்லை. "மகள், நீ அதுக்குத் தாகம் எடுக்கவே விடல்லியே" என்றார்.

பிறகு செடியின் ஓரத்தை ஊசி முனையால் லேசாகக் குத்தினார். வெள்ளைப் பால் துளிர்த்தது. "இத எல்லாரும் கெக்டஸ் எண்டுதான் சொல்ற. இது கெக்டஸ் இல்ல, சதுரக்கள்ளி" என்றார். சிங்களத்தில் இதைத் 'தளுக்' என்கிறார்கள். இது நமது நாட்டுக் காடுகளிலேயே வளர்வது.

சகோதரிகளே, இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வது அவசியம். கெக்டஸில் முட்கள் முளைக்கும் ஒவ்வோர் இடத்திலும் பஞ்சு வைத்தது போன்ற சிறு மெத்தை இருக்கும். சதுரக்கள்ளியில் அந்த மெத்தை இல்லை. முட்கள் இரண்டிரண்டாக இருக்கும், காயப்பட்டால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல், சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரமாவது விடாமல் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இச்செடியைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். கற்றாழையில் இந்தப் பால் இல்லை. அதன் இலையை வெட்டினால் மஞ்சள் சாறு கசியும், உள்ளே வழுவழுப்பான சோறு இருக்கும். அடி பருத்து, ரோஜா நிறத்தில் பூக்கும் அடீனியம் அரபு நாட்டிலும் ஆபிரிக்காவிலும் வளர்வது. அதன் சாறும் நஞ்சுதான்.

வேலியோரம் அகன்ற தட்டுகளாக நின்ற நாகதாளியையும் சாச்சி காட்டினார். இது அமெரிக்காவிலிருந்து வந்த உண்மையான கெக்டஸ். வெட்டி எறிந்த ஒரு துண்டே வேர்விட்டுக் காடாகிவிடும். பக்கத்திலுள்ள புந்தல தேசியப் பூங்காவில் இது பரவி, உள்ளூர்ச் செடிகளுக்கு இடமில்லாமல் செய்கிறது. ஆகவே கழித்த துண்டுகளை வெளியே வீசாதீர்கள்.

எல்லாக் கெக்டஸும் வெயிலுக்கு உரியவை என்றும் எண்ணிவிடக் கூடாது. இரவில் மலர்ந்து விடியுமுன் வாடும் கடுபுல் மலரும் ஒரு கெக்டஸ்தான். மத்திய அமெரிக்கக் காடுகளில் மரங்களைப் பற்றி வளர்வதால், அதற்கு நிழலும் இலைமக்கும் கொஞ்சம் ஈரமும் வேண்டும்.

சாச்சி சொல்லித் தந்த பராமரிப்பு முறை இதுதான்:

சட்டியின் அடியில் கட்டாயம் துளை இருக்க வேண்டும். பாதி மண்ணும், பாதி ஆற்று மணலும் செங்கல் துகளும் கலந்து நிரப்புங்கள். கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் அது ஆகாது. மண்ணில் ஓர் ஈர்க்கிலை இரண்டு அங்குலம் குத்தி எடுத்துப் பாருங்கள். ஈர மண் ஒட்டியிருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் அடியால் வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

நம் பக்கத்தில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் சட்டியை மழை படாமல், வெளிச்சமுள்ள விறாந்தை ஓரத்தில் வையுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் செடி வெளிறி மெலிந்து நீளும். அப்போது ஒரேயடியாக வெயிலில் வைத்தால் சுட்டுவிடும். சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

தண்டு அழுகத் தொடங்கினால், அழுகல் இல்லாத இடம்வரை மேலே வெட்டியெடுத்து, நிழலில் உலர்த்தி மீண்டும் நடலாம். இது மட்டும் எனக்கு அப்போதே தெரிந்திருந்தால், உம்மாவின் செடியின் மேல்பகுதியையாவது காப்பாற்றியிருப்பேன்.

திரும்பும்போது சாச்சி கையுறை போட்டு, ஒரு சாண் நீளக் கிளையை வெட்டினார். வெட்டுவாயைத் தண்ணீரில் நனைத்துப் பாலை நிறுத்தி, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார். "போன உடனே நட்டுடாத. நிழல்ல ஒரு கிழமை கிடக்கட்டும். காயம் காயாம மண்ணுக்குப் போனா அழுகிடும்" என்று கதவடியில் நின்றும் ஞாபகப்படுத்தினார்.

அப்படியே செய்தேன். உம்மாவின் பழைய மண்சட்டியைத் தேடிக் கழுவி, அதிலேயே நட்டேன். இரண்டு மாதமாகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், நுனியில் சிறு இலைகள் துளிர்த்திருக்கின்றன. காலையில் மகள், "உம்மா, இண்டைக்குத் தண்ணி ஊத்தவா?" என்று கேட்பாள். ஈர்க்கிலைக் குத்திப் பார்க்கச் சொல்வேன். அநேகமான நாட்களில், "இன்னம் ஈரமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விடுவாள்.