மாதக் கடைசி இரவு, கே.கே.பட்டி

ஜூன் 30. மாதக் கணக்கும் காலாண்டுக் கணக்கும் சேர்ந்து முடிகிற இரவு. காமயகவுண்டன்பட்டியில் பள்ளித் தோழன் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் பன்னீர் திராட்சைப் பந்தல். மேற்கு மலையைத் தாண்டி வந்த ஆனிக் காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கியது. தோழனின் மகளுக்கு முன்னால் இரண்டு திரை, காலடியில் யுபிஎஸ். வடக்கே ஒரு தொழிற்சாலையின் எஸ்ஏபி சர்வர் அன்றிரவு அவள் பொறுப்பு. நிறுவனத்தின் பெயரை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கொள்முதல், சரக்கு இருப்பு, சம்பளம், கணக்கு எல்லாமே அந்த ஒரே மென்பொருளில். 1972-ல் ஜெர்மனியில் ஐந்து பொறியாளர்கள் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு அது. அதைப் பராமரிப்பவர்களுக்கு 'பேசிஸ்' ஆட்கள் என்று பெயர்.

எஸ்எம்50 என்று தட்டினாள். வரிசையாக ஒர்க் பிராசஸ்கள் வந்தன.

"உள்ள நூத்துக்கணக்குல ஆளுக இருந்தாலும் வேலை பாக்குறது இந்த இருபதுதான் மாமா."

யாராவது பொத்தானை அழுத்தினால் டிஸ்பாச்சர் அந்த வேலையைச் சும்மா இருக்கும் பிராசஸிடம் கொடுக்கும். பதில் போனதும் அது அடுத்தவருக்கு. முறைத் தண்ணீர் மாதிரியா என்றேன்.

"அதேதான். ஒருத்தர் மடையை அடைக்காம விட்டா கடைமடை காயும்."

சிலர் கேட்கும் அறிக்கை பொது நினைவகத்துக்கு அடங்காது. அப்போது அந்த பிராசஸ் 'ப்ரிவ்' நிலைக்குப் போய், முடியும்வரை அந்த ஒருவருக்கே கட்டுப்பட்டுவிடும். இருபதும் இப்படி நிரம்பினால் அவளாலேயே உள்ளே நுழைய முடியாது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் வழியாக டிபிமான் என்ற கருவியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ஒன்றரை மணிக்கு இருபதில் பதினாறு நிரம்பியிருந்தன. அவற்றில் நான்கில் ஒரே பயனர், ஒரே அறிக்கை. நானாக இருந்தால் உடனே நிறுத்தியிருப்பேன். அவள் போனை எடுத்தாள்.

"சார், நாலு விண்டோல ஒரே ரிப்போர்ட் ஓடுது. எது வேணும்?"

600 நொடி தாண்டினால் சர்வரே வேலையை அறுத்துவிடும். அந்த மனிதர் அறுந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறார். நான்கையும் அவர் சம்மதத்தோடு நிறுத்தி, அதே அறிக்கையைப் பேக்ரவுண்டில் போடச் சொல்லிக்கொடுத்தாள். அங்கே அந்தக் கெடு கிடையாது.

அதே நேரத்தில் இன்னொரு பேக்ரவுண்ட் வேலை மூன்று மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் தொடவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, எந்த டேபிளில் நிற்கிறது என்று மட்டும் பார்த்தாள். டேபிள் மாறிக்கொண்டே இருந்தது.

"நகருது மாமா. இப்பக் கொன்னா, எழுதினதை எல்லாம் டேட்டாபேஸ் திரும்ப அழிக்கணும். அதுக்கே இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்."

கட்டளை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். எதைக் கொல்லக் கூடாது என்று தெரிந்து கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதுதான் இந்தத் தொழிலின் கை நேர்த்தி என்று எனக்குப் பட்டது. அந்த வேலை மூன்று பத்துக்கு முடிந்தது.

அவள் அம்மா கொண்டுவந்து வைத்த இட்லி விடியும்வரை தட்டிலேயே ஆறிக் கிடந்தது. அவள் எழுந்து போனால் பார்க்க வேறு ஆள் இல்லை. சர்வரை நம்பித் தொழில் நடத்துகிறவர்களே, மாதக் கடைசி இரவுக்காவது இரண்டு பேரைப் போடுங்கள்.