தந்தையின் ஊரும் சித்தப்பாவின் ஊரும்

ஊரைவிட்டு நீங்கியவரின் நினைவில் ஓர் ஊர் உண்டு. அங்கேயே வாழ்ந்தவரின் அனுபவத்தில் இன்னோர் ஊர் உண்டு. புலம்பெயர்ந்த பெற்றோரின் பிள்ளைகள் வன்னிக்கு வரும்போது இவ்விரண்டையும் ஒருங்கே எதிர்கொள்கின்றனர். ரொறன்ரோவிற் பிறந்து, தந்தையின் ஊராகிய முள்ளியவளையைக் காண வந்த பெண்ணொருத்தியின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

1980களின் நடுப்பகுதியில் ஊரைவிட்டுச் சென்ற தந்தை, தாளொன்றில் வழி வரைந்து கொடுத்திருந்தார். தண்ணீரூற்று, காட்டா விநாயகர் கோயில், வீட்டு முற்றத்துப் பாலைமரம், கிணறு, வற்றாப்பளைக்குச் செல்லும் வீதி, அப்பால் நந்திக்கடல் என்பன அதிற் குறிக்கப்பட்டிருந்தன. அவளை அழைத்துச் சென்றவர் தந்தையின் ஒன்றுவிட்ட தம்பி. ஊரைவிட்டு ஒருபோதும் விரும்பிச் செல்லாதவர்.

கோயில் இருந்தது. வீடு இருக்கவில்லை. கிணற்றை அடையாளமாகக் கொண்டே சித்தப்பா வளவின் எல்லையைக் காட்டினார். பாலைமரத்தை அவள் தேடினாள்.

“கொப்பர் போகேக்க மரம் நிண்டது, பிள்ளை. நாங்கள் முகாமிலையிருந்து வரேக்க அடிக்கட்டையும் இல்லை” என்றார் அவர்.

தந்தை அடிக்கடி கூறியது வைகாசி மாதத்தைப் பற்றியே. சிலாவத்தைக் கடலிலிருந்து எடுத்துவரும் நீரில் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கேற்றும் மரபையும், அதனைத் தொடர்ந்து வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலில் நிகழும் பொங்கலையும் அவள் சிறுவயது முதலே கேட்டறிந்திருந்தாள். அதனை நினைவூட்டியபோது சித்தப்பா சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “கொப்பருக்கு வைகாசி எண்டால் பொங்கல். எங்களுக்குப் பொங்கலும் இருக்கு, கஞ்சியும் இருக்கு” என்றார்.

2009 மே 18 வைகாசி மாதத்தின் தொடக்க நாள்களில் அமைந்தது. இறுதிப் போரில் உணவின்றித் தவித்த மக்களின் உயிர்காத்த கஞ்சி, இன்று ஆண்டுதோறும் நினைவேந்தலிற் பகிரப்படுகின்றது. தந்தையின் தாளில் அக்கஞ்சிக்கு இடமில்லை, இருக்கவும் முடியாது. அவரது ஊர், அவர் புறப்பட்ட ஆண்டோடு நின்றுவிட்டது.

“சித்தப்பா, நீங்கள் எந்த வழியாலை போனீங்கள்?” என அவள் கேட்டாள். அதுவரை தமையன் வீட்டைக் காட்டுவதிலேயே கருத்தாயிருந்தவர், அதன் பின்னரே தம் வழியைக் காட்டத் தொடங்கினார். புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பங்கர் வெட்டிய இடங்களைக் கையாற் சுட்டினார். அங்கிருந்து செட்டிகுளத்து முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டதை ஒரே வசனத்தில் முடித்துக்கொண்டார். அவள் தந்தையின் தாளை விரித்து, அவர் வரைந்த வீதி முடிந்த இடத்திலிருந்து அப்பெயர்களை எழுதிச் சென்றாள். தாளில் இடம் போதவில்லை. மறுபக்கத்திலும் எழுத வேண்டியதாயிற்று.

வேரைத் தேடி வருவோர் பலர், வழிகாட்டுபவரைத் தம் பெற்றோரின் இளமைக்காலத்துச் சாட்சியாக மாத்திரமே கருதுகின்றனர். ஆனால் பெற்றோர் காணாத ஆண்டுகளையெல்லாம் அந்த மண்ணிற் கழித்தவர் அவர். மழையைப் பார்த்து விதைப்பவரும், தூர்ந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியவரும் அவரே. “அப்பாவின் வீடு எங்கே?” என்று கேட்பவர்கள், “நீங்கள் எவ்வாறு வாழ்ந்தீர்கள்?” என்றும் கேட்பார்களாயின், பெற்றோரின் ஊர் பிள்ளைகளுக்கும் ஊராகும்.