தெரிந்தே வாங்கிய டிராக்டர்

மருந்தடிக்கும் வண்டியோடு வந்த கையேட்டில் ‘பி.டி.ஓ.வில் குறைந்தது 45 எச்.பி.’ என்று போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் 45 எச்.பி. டிராக்டர் வாங்கினேன். இரண்டும் ஒன்றில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

விளம்பரத்தில் போடும் எச்.பி. இன்ஜினுடையது. பின்பக்கம் தண்டு சுழலும் பி.டி.ஓ.வில் வந்து சேர்வது அதில் நூற்றுக்கு எண்பத்தைந்து, தொண்ணூறுதான். 45 எச்.பி. வண்டியில் 38, 39 கிடைத்தால் நல்ல வண்டி. மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் உள்ள மத்திய அரசின் பரிசோதனை நிலையம், பி.டி.ஓ.வில் எவ்வளவு வருகிறது, கொக்கியில் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து அறிக்கை வெளியிடுகிறது. கேட்டிருந்தால் டீலரே அச்செடுத்துக் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. பதில் பிடிக்காது என்று தெரிந்த கேள்வியை யார் கேட்பார்கள்?

எங்கள் தோப்பு கிருஷ்ணகிரிப் பக்கம். பெங்களூரா அதிகம், கொஞ்சம் செந்தூரா. பத்து மீட்டர் இடைவெளியில் நட்ட பழைய மரங்கள், ஏக்கருக்கு நாற்பது. நிலம் சமமில்லை, சரளை கலந்த செம்மண் மேடும் சரிவுமாகக் கிடக்கும். பூ எடுக்கும் காலத்தில் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் சேர்ந்து வரும். மருந்து ஒரு வாரம் தள்ளினால் பூங்கொத்து கருகி நிற்கும். முன்பெல்லாம் டிரெய்லரில் டிரம்களை ஏற்றி, பம்பு வைத்து, ஹோஸைப் பிடித்து மரம் மரமாக ஆட்கள் அடிப்பார்கள். ஆள் கிடைப்பது நின்றுபோனதால், 2,000 லிட்டர் டேங்கும் பின்னால் பெரிய விசிறியும் கொண்ட இழுவை வண்டி வாங்கினேன். மரத்துக்குப் பத்து லிட்டர் என்று வைத்தாலும் ஒரு டேங்கில் ஐந்து ஏக்கர் முடியும். அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. அதை இழுக்க எதை வாங்கினேன் என்பதில்தான் கதை.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. டேங்க் நிரம்பினால் இரண்டு டன், வண்டியின் சொந்த எடை ஏறத்தாழ ஒரு டன். ஆக மூன்று டன். அதற்குச் சொந்தமாகப் பிரேக் கிடையாது. நான் வாங்கிய டிராக்டரின் எடை இரண்டு டன். பின்னால் வருவது முன்னால் போவதைவிடக் கனம். இந்தக் கணக்குக்குப் பேப்பர்கூட வேண்டாம்.

உறவுக்காரர் ஒருவர் எக்ஸ்சேஞ்சில் நல்ல விலைக்கு முடித்துத் தருவதாகச் சொன்னார். ஃபோர் வீல் வேண்டுமென்றால் லட்சக்கணக்கில் கூட. பி.டி.ஓ.வுக்குத் தனிக் கிளட்ச் வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை. “கரும்பு லோடு இழுக்குது இந்த வண்டி, உன் தண்ணி டேங்கை இழுக்காதா?” என்று அவர் கேட்டதும் எனக்கு அது போதுமான நியாயமாகப் பட்டது. கரும்பு லோடு தார் ரோட்டில் போகிறது, அதற்கு விசிறி சுற்றும் வேலை இல்லை என்று மனசு சொன்னதை அடக்கிக்கொண்டேன். மிச்சம் பிடித்த பணத்தில் வீட்டுக்கு முன்னால் ஷெட் போட்டேன். வருகிறவர்கள் கண்ணில் படும்படி டிராக்டரை அதில் நிறுத்தினேன்.

பின்னாளில் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. டிராக்டரும் டேங்க்கும் சேர்ந்து ஐந்து டன். பத்தடிக்கு ஓரடி ஏறும் மேட்டில் ஏற்றத்துக்காக மட்டும் 500 கிலோ விசை வேண்டும். உழுத மண்ணில் சக்கரம் புதைந்து உருள இன்னும் 400, 500 கிலோ. மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்ற நத்தை வேகத்திலும், சக்கரம் வழுக்குவதையும் சேர்த்தால் 12, 13 எச்.பி. நடப்பதற்கே போய்விடும். விசிறியும் பம்பும் முழு வேகத்தில் 30க்கு மேல் கேட்டன. சமதளத்தில் சமாளித்த வண்டி மேட்டில் திணறியது இதனால்தான்.

திணறினால் பி.டி.ஓ. 540 சுற்றிலிருந்து 450க்கு இறங்கும். விசிறியின் காற்று ஆறில் ஒரு பங்கு குறையும். கீழ்க்கிளை நனையும், உச்சிக் கொப்பு நனையாது. தத்துப்பூச்சிக்கு உச்சியில் இடம் இருந்தால் போதும், நான்கு நாளில் மரம் முழுக்கப் பரவிவிடும். டிரைவர் முதல் வாரமே சொன்னார்: “அண்ணா, மேட்டுல ஆர்.பி.எம். விழுது. காத்து மேல ஏறலை.” நான் மருந்துக்கடையைக் குறை சொன்னேன், கடையை மாற்றினேன், அளவைக் கூட்டி அடிக்கச் சொன்னேன். பின்சக்கர டியூபில் தண்ணீர் நிரப்பி, மூக்கில் எடைக்கட்டிகள் மாட்டினேன். வழுக்கல் கொஞ்சம் அடங்கியது. அதைப் பெரிய கண்டுபிடிப்பாக நாலு பேரிடம் சொன்னேன். அந்த வருடம் மேட்டு மரங்களில் காய்ப்பு பாதி. காரணம் கேட்டவர்களிடம் பனி என்றேன்.

இதுவரை சொன்னதெல்லாம் என் பணம், என் நஷ்டம்.

இப்போது கிளட்ச் விஷயம். ஒற்றைக் கிளட்ச் வண்டியில், ஓடும் பி.டி.ஓ.வை நிறுத்த வேண்டுமென்றால் கிளட்ச்சை மிதித்தாக வேண்டும். மிதித்த கணத்தில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறும். சரிவில் வண்டியைப் பிடித்து வைத்திருப்பது இன்ஜின்தான். அந்தப் பிடி போய்விடும். அதற்காக பி.டி.ஓ.வை ஓடவிட்டபடியே வரிசை முடிவில் ஒடித்துத் திருப்பினால் தண்டின் மூட்டிலுள்ள கிராஸ் உடையும். ஒரு முறை அப்படித்தான் உடைந்தது. நான் டிரைவரைத் தோப்பில் எல்லோர் முன்னாலும் திட்டினேன். “திரும்பறதுக்கு முன்னாடி பி.டி.ஓ.வை நிறுத்தணும்னு தெரியாதா? கிராஸ் என்ன உங்கப்பன் வாங்கித் தர்றானா?” இந்த வார்த்தைகளை மாற்றாமல் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் கிளட்ச்சை மிதித்து பி.டி.ஓ.வை நிறுத்தினார். ஒரு விடியற்காலை, பனி ஈரத்தில், அப்போதுதான் நிரப்பிய டேங்க்கோடு சரிவில் வரிசை முடிவுக்கு வந்து கிளட்ச்சை மிதித்தார். மூன்று டன் பின்னாலிருந்து தள்ளியது. பிரேக் அடித்தார். அந்த டிராக்டரில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். இரண்டும் பூட்டிக்கொண்டு சரளையில் வழுக்கின. டேங்க் பக்கவாட்டில் வந்து டிராக்டரைச் சுழற்றித் திருப்பியது. மாமரம் ஒன்று குறுக்கே நின்றதால் கவிழவில்லை. அவருக்கு முழங்கால் சிப்பி விரிசல்.

ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தேன். கொடுத்ததை ஊருக்குத் தெரியும்படி கொடுத்தேன். டீக்கடையில் ஒருவர், “ராத்திரி போட்ட மப்பு இறங்கியிருக்காது போல” என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. “என்னத்தைச் சொல்ல” என்று பெருமூச்சு விட்டேன். சாயங்காலத்துக்குள் அது முடிந்த முடிவாகிவிட்டது. டிரைவர் பீடிகூடக் குடிக்காதவர். கால் சரியானதும் சம்பளப் பாக்கியை வாங்கிக்கொண்டு போனார். “கிளட்ச்சை மிதிச்சிருக்கக் கூடாதுண்ணா” என்று தன் தப்பாகவே சொன்னார். நான் ‘ஆமாம்’ என்று தலையாட்டினேன்.

பின்னாளில் ஒருவரைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தில், வில்மட் குரோசியர் என்ற விவசாயி ஒருவர் இருந்தார். சொன்ன சக்தி இல்லாத டிராக்டரை வாங்கி ஏமாந்தவர். சட்டமன்றத்துக்குப் போனதும், சோதித்துப் பார்க்காமல் அந்த மாநிலத்தில் டிராக்டர் விற்கக் கூடாது என்று 1919இல் சட்டம் கொண்டுவர முன்நின்றார். இன்று உலகம் முழுக்க நடக்கும் டிராக்டர் பரிசோதனைகளுக்கு அது பெரிய முன்னோடி. அதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் பொறாமையே வந்தது. அவரை ஏமாற்ற ஒரு கம்பெனி இருந்தது. என்னை எந்தக் கம்பெனியும் ஏமாற்றவில்லை. கையேட்டில் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது.

அடுத்த பூவுக்கு முன்னால் அந்த டிராக்டரை விற்றுவிட்டு 60 எச்.பி. ஃபோர் வீல் வாங்கினேன். பி.டி.ஓ.வுக்குத் தனி லீவர். சரிவில் முன்சக்கர இணைப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினால் நான்கு சக்கரமும் இன்ஜினோடு சேர்ந்து பிடிக்கிறது. சரிவு வரிசையில் டேங்க்கை முக்கால்தான் நிரப்புகிறோம். தண்ணீர் நிரப்பும் இடத்தை மேட்டுக்கு மாற்றியாயிற்று, டேங்க் காலியாக ஆக வண்டி கீழே போகும்படி. முதல் வரிசையைச் சமதளத்திலிருந்து தொடங்குகிறோம். கொக்கியைத் தாழ்ந்த துளையில்தான் மாட்டுகிறோம். உயரத்தில் மாட்டினால் மேட்டில் முன்பக்கம் தூக்கும். இதில் பாதி அந்த டிரைவர் ஏற்கெனவே சொன்னது. ஊரில் எனக்கு நல்ல விளைச்சல், அதனால் பெரிய வண்டி எடுத்துவிட்டேன் என்று பேச்சு. அதையும் நான் மறுக்கவில்லை.

போன மாதம் பர்கூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் போன் செய்தார். அவரும் இழுவை ஸ்பிரேயர் வாங்கியிருக்கிறார். டிராக்டர் பற்றிக் கேட்டார். வண்டியின் எடை, பி.டி.ஓ. சக்தி, கிளட்ச் எல்லாம் விவரமாகச் சொன்னேன். அதில் நான் இப்போது பெரிய ஆள். கடைசியாக, “உங்ககிட்ட இருந்த டிரைவர் வேலை கேட்டு வந்திருக்காருங்க. அவரு கொஞ்சம் போடுவாருன்னு சொல்றாங்களே?” என்றார்.

“எனக்குத் தெரியலைங்க” என்றேன். விபத்து நடந்த நாளில் பதற்றம் என்று சாக்கு சொல்லலாம். இந்த முறை எந்தப் பதற்றமும் இல்லை, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அவர் குடிக்காதவர் என்று சொன்னால் அடுத்த கேள்வி ‘பின்னே வண்டி எப்படிப் போச்சு?’ என்று வரும். அந்தக் கேள்விக்காக ஒரு மனுஷனின் பிழைப்பை விட்டுக்கொடுத்தேன்.

வேலை அவருக்குக் கிடைக்கவில்லை என்று நேற்று தெரிந்தது. இதை எழுத உட்காருவதற்கு முன் தோட்டக்காரரைத் திரும்ப அழைத்து, நடந்ததை கிராஸ் உடைந்ததிலிருந்து சொன்னேன். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க, வேற ஆளை வெச்சுட்டேனே” என்றார். டிரைவருக்கு இன்னும் போன் செய்யவில்லை.