சக்கையின் வெளிச்சம்

பிஜித் தீவுக் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகப் பாரதி வடித்த கண்ணீரை ஆண்டுதோறும் வகுப்பில் பாடமாக நடத்துகிறோம். அதே துயரைச் சுமந்த இன்னொரு தீவு மொரீஷியஸ். 1834 முதல் அங்கே சென்ற இந்திய ஒப்பந்தக் கூலிகளுள் தமிழரும் உண்டு. அவர்தம் வழித்தோன்றல்களின் இல்லங்களில் எரியும் விளக்குக்கும் கரும்புக்கும் உள்ள உறவைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

சாறு பிழிந்தபின் எஞ்சும் சக்கையை எரித்து, ஆலைகளை ஒட்டிய நிலையங்கள் மின்சாரம் ஆக்குகின்றன. அறுவடை முடிந்ததும் அவற்றுள் சில இறக்குமதி நிலக்கரிக்கு மாறிவிடும். மின்தேவை உச்சம் தொடுவதோ ஜனவரி, பிப்ரவரிக் கோடையில். அதாவது சக்கை கிடைக்காத காலத்தில். நாற்புறமும் கடல், பற்றாக்குறைக்குக் கைகொடுக்க அண்டை நாட்டு மின்கம்பி இல்லை.

2006இல் தொடங்கி ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரை விலையை 36 விழுக்காடு குறைத்தது. கரும்பு நிலம் சுருங்கியது, சக்கையும் குறைந்தது. ஆலைகளிடமிருந்து மின்சாரத்தை வாங்கி மக்களுக்கு வழங்குவது 1952இல் தோன்றிய மத்திய மின்சார வாரியம். நடுநின்று கட்டணத்தை ஆராயும் ஒழுங்காற்று ஆணையத்துக்குச் சட்டம் வந்தது 2004இல்; ஆணையம் இயங்கத் தொடங்கியது 2016இல். சக்கைக்கு உரிய விலை இல்லை என்று சிறு விவசாயிகள் நெடுங்காலம் முறையிட்டு வந்தனர்.

மலிவான மின்சாரம் வேண்டுவது நியாயமே. ஆனால் அந்த மலிவை உழவன் தலையில் சுமத்தினால் அவன் கரும்பைக் கைவிடுவான். பிறகு தீவு நிலக்கரிக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கூலிகளின் வியர்வைக்கு அன்று எவரும் சரியான விலை தரவில்லை. சக்கைக்கேனும் அது கிடைக்கட்டும் என்பதே நம் விழைவு.