சிங்கப்பூரில் நான் ஒன்றாம் வகுப்பு



சிங்கப்பூரில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. தை 5-ஆம் தேதி அண்ணாமலையார் நம் தென்பெண்ணைக்கு வந்து தீர்த்தவாரி கண்டபோது நான் ஊரில் இல்லை. ஆற்றுத் திருவிழா வீடியோ அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. "சிங்கப்பூர் எப்படி சார் இருக்கு?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். உயரமான கட்டடங்களை நீங்களே செல்போனில் பார்த்திருப்பீர்கள். நான் கண்ட சின்னச் சின்ன விஷயங்களைச் சொல்கிறேன்.

இங்கே பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும். உணவங்காடி நிலையம் என்று பெயர். சாப்பாடு வாங்கப் போகும் முன் காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போகிறார்கள். திரும்பி வரும்வரை அந்த இடம் அவர்களுக்குத்தான். இதை 'சோப்' என்பார்கள் என்றாள் மகள். நான் கை கழுவும் சோப்பு என்று நினைத்து எழுந்துவிட்டேன்! திருவண்ணாமலை பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடிப்போமே, அதேதான்.

இது எளிதாகப் புரிந்தது. மற்றவற்றில் தடுமாறினேன்.

சீனப் புத்தாண்டன்று பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி இரண்டு ஆரஞ்சுப் பழங்களை இரு கைகளாலும் நீட்டினார். இடது கை படக்கூடாது என்று வளர்ந்தவன் நான். வலது கையால் மட்டும் வாங்கினேன். இங்கே இரு கைகளாலும் வாங்குவதுதான் மரியாதையாம். பதிலுக்கு நாமும் இரண்டு பழம் தரவேண்டுமாம். மகள் பிறகுதான் சொன்னாள். அந்தப் பாட்டி முகம் சுளிக்கவே இல்லை.

இன்னொரு நாள் தனியாகச் சாப்பிடப் போனேன். சாப்பிட்டதும் தட்டை மேசையிலேயே விட்டு எழுந்தேன். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே அப்படி விட்டுப்போவது குற்றம். மீண்டும் மீண்டும் செய்தால் அபராதம் உண்டு. எனக்குத் தெரியாது. மேசை துடைக்கும் ஓர் அம்மாள், என்னைவிட வயதில் மூத்தவர், என் கையை லேசாகத் தொட்டார். தட்டு வைக்கும் அடுக்கைக் காட்டினார். அங்கேயும் ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருப்பது தெரியாமல் மாற்றி வைத்துவிட்டேன். அவரே எடுத்துச் சரியான இடத்தில் வைத்து, "ஓகே, அங்கிள்" என்று சிரித்தார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. 1986-ல் கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தது நினைவுக்கு வந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்துப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை, பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஏறி நடந்து, வியர்வையோடு வகுப்புக்குள் நுழைந்தேன். ஒரு சிறுவன் ஓடி வந்து, "சார், நீ சாப்புட்டியா?" என்றான்.

வாத்தியாரை 'நீ' என்பதா என்று ஸ்கேலால் அவன் உள்ளங்கையில் இரண்டு அடி கொடுத்தேன்.

அவன் வீட்டில் பெரியவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஏன், நாமும் அம்மாவை 'நீ' என்றுதானே சொல்கிறோம்? சாமியிடமும் அப்படித்தானே பேசுகிறோம்? பசியோடு வந்திருப்பேனோ என்று கவலைப்பட்ட ஒரே ஆள் அந்த ஊரில் அவன்தான். அதன்பிறகு அவன் ஒருநாளும் கேட்கவில்லை. 'வணக்கம் ஐயா' என்று மட்டும் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டான். அதைப் பார்த்து அப்போது பெருமைப்பட்டேன்.

அவன் ஊருக்கு அன்று வெளியூர்க்காரன் நான்தான். கற்றுக்கொள்ள வேண்டியவனும் நான்தான். கையில் ஸ்கேல் இருந்ததால் அது எனக்குத் தெரியவில்லை.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். ஒரு பிள்ளை தவறாகப் பேசியதாகத் தோன்றினால், திட்டுவதற்கு முன் அவன் வீட்டில் எப்படிப் பேசுவார்கள் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். மேசை துடைத்த அந்த அம்மாளுக்கு இருந்த பொறுமை, பயிற்சி பெற்ற எனக்கு இல்லாமல் போனது.

பங்குனியில் ஊர் திரும்புகிறேன். அந்த மலைப் பள்ளியில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவனிடம் சொல்லுங்கள், சார் மன்னிப்புக் கேட்டார் என்று. இப்போது ஐம்பதை நெருங்கியிருப்பான். வீட்டுக்கு வரட்டும். வந்து, "நீ சாப்புட்டியா?" என்றே கேட்கட்டும். சேர்ந்து சாப்பிடுவோம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்