தென்னூர் மேம்பாலத்தில் ஒரு பிரேக் பாடம்

திருச்சியை மலைக்கோட்டை நகரம் என்கிறோமே தவிர, கார் ஓட்டுகிறவருக்கு இங்கே மேடு என்பது அபூர்வம். 83 மீட்டர் உயரத்துக்குப் பாறை இருக்கிறது, வாஸ்தவம்தான். அதன் மேல் படி ஏறித்தான் போக வேண்டும். காருக்கு அங்கே வேலையில்லை. ஆகவே புது வண்டியின் குணம் தெரிய வேண்டுமானால், ரயில் பாதைக்கு மேலே முதுகை வளைத்துக்கொண்டு கிடக்கும் தென்னூர் மேம்பாலத்துக்கு வந்து சேருங்கள். நான் தெரிந்துகொண்டது அங்கேதான், விரும்பி அல்ல.

என் அம்மா தென்னூரில் இருக்கிறாள். முழங்கால் வலி வந்ததிலிருந்து பஸ் படி ஏற முடிவதில்லை. ஸ்ரீரங்கம் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வாய் திறந்து குறைப்பட மாட்டாள். வெள்ளிக்கிழமை தோறும் வாசலில் நின்று, வடக்கே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள், அவ்வளவுதான். நான் கார் வாங்கியதில் பாதிக் காரணம் அந்த வெள்ளிக்கிழமைதான்.

முதல் நாள் அவளை ஏற்றிக்கொண்டு தில்லை நகருக்குக் கிளம்பினேன். பாலத்து ஏற்றத்தில் முன்னே ஒரு பஸ் நின்றது. நானும் நின்றேன். பஸ் நகர்ந்தது. என் இடது கை பழைய பழக்கத்தில் ஹாண்ட்பிரேக் தண்டைத் தேடிற்று. தண்டு ஏது? இந்த வண்டியில் அந்த இடத்தில் சட்டைப் பொத்தானை விடச் சற்றுப் பெரிதாக ஒரு ஸ்விட்ச்! நான் யோசித்த இரண்டு மூன்று விநாடி வரை கார் தானாகவே தாங்கி நின்றது. பிறகு பொறுமை இழந்து பின்னால் உருண்டது.

"அம்மா, முன்னாடி போங்க, முன்னாடி!" என்று ஆட்டோக்காரர் கூவினார். ஒரு முழம் இடைவெளியில் தப்பினோம்.

அம்மா வீடு வரும் வரை பேசவில்லை. இறங்கியதும், "நான் ஆட்டோவிலேயே போய்க்கறேண்டி" என்றாள்.

அன்று இரவு, யாரும் படிக்காத அந்தக் கையேட்டைப் படித்தேன். விஷயம் இதுதான். பழைய தண்டு ஒரு கம்பியை இழுத்துப் பின் சக்கரங்களைப் பிடிக்கும். எவ்வளவு இறுகியது என்று கைக்கே தெரியும். இதில் அந்த வேலையைச் சின்ன மோட்டார்கள் செய்கின்றன. ஸ்விட்சைத் தூக்கினால் 'கிர்ர்' என்று பிடிக்கும். கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு அமுக்கினால் விடும். சீட் பெல்ட் போட்டிருந்து, கியரில் கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால், தானாகவும் விட்டுவிடும். நின்ற இடத்தில் வண்டியைப் பிடித்து வைக்க இன்னொரு பொத்தானும் உண்டு. அதில் ஒரு குறும்பு: எஞ்சினை அணைத்தால் எங்கள் வண்டி அதை மறந்துவிடுகிறது! ஒவ்வொரு தடவையும் புதிதாக ஞாபகப்படுத்த வேண்டும். (என் வீட்டுக்காரருக்கும் இதே சுபாவம் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை.)

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தன்னந்தனியாகப் பாலத்துக்குப் போனேன். உழவர் சந்தைக்குப் போகும் மூட்டைகளைத் தவிர யாருமில்லை. ஏற்றத்தில் நிறுத்துவது, ஸ்விட்சைத் தூக்குவது, கிளம்புவது. ஆறாம் தடவைக்கு மேல்தான் கை தண்டைத் தேடுவதை நிறுத்தியது.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவை மிகவும் கெஞ்சி ஏற்றினேன். கைப்பிடியை இறுகப் பற்றியபடி உட்கார்ந்திருந்தாள். சத்திரம் பஸ் நிலையம் தாண்டிக் காவிரிப் பாலம் வந்தது. 1976-ல் திறந்த பாலம். பழுது பார்ப்பதற்காக 2022 கடைசியில் மூடி, 2023 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். நல்ல சமதளம், உருளப் பயமில்லை. காவிரிக் காற்று முகத்தில் பட்டதும் அம்மா கைப்பிடியை விட்டாள். மாம்பழச் சாலை, அம்மா மண்டபம் கடந்து, 1987-ல் முடிந்த அந்த 236 அடி ராஜகோபுரம் எதிரே எழும்பியபோது, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இந்தத் தடவை நேராகப் பார்த்து.

ஓரமாக நிறுத்தினேன். கதவைத் திறந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றியவள், திடீரென்று திரும்பினாள்.

"ஏண்டி, அந்தப் பொத்தானைத் தூக்கினாயோ? 'கிர்ர்' சத்தமே கேக்கலையே?"

தூக்கவில்லை.