சுடுநீர் மட்டும் போதுமா?



எங்கள் வீட்டுச் சுடுநீர்க் கருவி பதினோர் ஆண்டுகள் உழைத்தது. உறையின் ஓரத்தில் பழுப்புக் கறை படிந்தபோதும் அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. சுடுநீர்தான் வருகிறதே! முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கும் அந்தக் கதகதப்பு இதமாக இருந்தது.

கடந்த வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு மின்சாரப் பாதுகாப்பைக் கற்பித்தேன். சுடுநீர்க் கருவியில் மின்கசிவு ஏற்பட்டால், துண்டிப்பான் நொடிப்பொழுதில் மின்சாரத்தை நிறுத்திவிடும் என்றேன்.

"அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும், டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி.

"மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்." சொல்லும்போதே நா தடுமாறியது. நான் அழுத்திப் பார்த்ததே இல்லை.

அன்று மாலை அழுத்தினேன். கருவியின் விளக்கு அணையவில்லை. மீண்டும் அழுத்தினேன், எரிந்துகொண்டே இருந்தது. 3.6 கிலோவாட் கருவி, 240 வோல்ட்டில் 15 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதில் மிகச் சிறு பங்கு உடலில் பாய்ந்தாலே உயிர் போகலாம். அதனடியில்தான் அம்மா நாள்தோறும் நின்றார்.

அன்றிரவு அம்மாவுக்கு அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து கருவியைத் திறந்தார். நிலக்கம்பி இணைப்பும் துருப்பிடித்திருந்தது. பழுது பார்ப்பதை விட்டு, புதியதையே பொருத்தினோம்.

பெற்றோர்களே, நீர் சூடாகாவிட்டால் உடனே தெரிந்துவிடும். பாதுகாப்புப் பழுதானால், சோதித்தால்தான் தெரியும். இன்றே அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

மறுநாள் வகுப்பில் நடந்ததை மறைக்காமல் கூறி, அம்மாணவிக்கு நன்றி சொன்னேன்.